இரண்டாவது மாத்திரை எது?

சர்க்கரை நோயாளிகளில் பல இனம் உண்டு. அவற்றில் பிழைக்கத் தெரியாத இனம் ஒன்றை இன்று உங்களுக்குக் காட்டுகிறேன். பெயர், ஒப்பீட்டுக்காரர். முதல் மாத்திரைக்குச் சர்க்கரை அடங்கவில்லை, கூட இன்னொன்று சேர்க்கலாம் என்று டாக்டர் சொல்லும் நிமிடத்தில் இவர் பிறக்கிறார்.

டாக்டர் எழுதியதை வாங்குவாரா? மாட்டார். முடி வெட்டுகிறவர், மாடிவீட்டுக்காரர், பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் பக்கத்து நாற்காலியில் காத்திருக்கிறவர் என்று ஒருவரையும் விடாமல் பிடித்து, "உங்களுக்கு ரெண்டாவதா என்ன குடுத்திருக்காங்க?" என்று குடைவார். ஒரு மாத்திரை சர்க்கரையைச் சட்டென்று இறக்கும், ஆனால் சாப்பாடு தள்ளிப்போனால் கைகால் நடுங்கும். ஒன்று சர்க்கரையைச் சிறுநீரோடு அனுப்பிவிடும், பஸ் பயணத்துக்கு ஆகாது. ஒன்று பரம சாது, அதனாலேயே இவருக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை. வாரம் ஒரு ஊசி போட்டால் எடை குறையும், ஆனால் பசி போய்விடும், பசி போன பிறகு வாழ்ந்து என்ன கண்டது? இன்சுலினா? அந்தப் பேச்சே கூடாது. வீடு வாங்கும்போது கூரை ஒழுகுமா என்றுகூடக் கேட்காத மனிதர்!

இந்த இனத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் அச்சகம் வைத்திருக்கிறார். ஏழுக்குள் இருக்க வேண்டிய மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி பத்தைத் தொட்டு நிற்கிறது. புதுச் செருப்பு கடித்த கால்விரல் ஆறவே இல்லை. மனைவிதான் தினமும் மருந்து வைத்துக் கட்டுகிறார்.

"விரல் போயிடும்ங்க. எழுதிக் குடுத்ததைப் போடுங்களேன்" என்று அழுதேவிட்டார்.

"அவசரப்படாதே. இன்னும் ரெண்டு பேர்கிட்ட கேக்கணும்."

அந்த நேரம் பார்த்து மனைவியின் தம்பிக்குச் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிட்டது. போதாதா? கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"மச்சான், கூடச் சேத்தது எந்த மாத்திரை? மறைக்காம சொல்லு."

"எதையும் சேக்கல மாமா."

"அப்புறம் எப்படி இறங்குச்சு?"

"முதல்ல எழுதின பழைய மாத்திரை இருக்கே, அதை ஒழுங்கா ரெண்டு வேளையும் முழுங்குறேன். முன்னாடி ஞாபகம் வந்தாத்தான் போடுவேன்."

ஞாபகம் வந்தால் போடுகிற அந்தக் கட்சியில் நம்மவர் ஆயுட்கால உறுப்பினர். திருந்தியிருப்பார் என்கிறீர்களா? வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னார்: "உன் தம்பி சரியான அழுத்தக்காரன். மாத்திரை பேரைச் சொல்லவே மாட்டேங்கிறான்."

அந்த விரல் இப்போது கறுத்துக்கொண்டு வருகிறது. அந்த அம்மாளை நினைத்தால் எனக்குக் கேலி வரமாட்டேன் என்கிறது.

நீங்கள் மட்டும் என்னவாம்? எது நல்ல மாத்திரை என்று கடைசியிலாவது சொல்லிவிடுவேன் என்றுதானே இவ்வளவு தூரம் வந்தீர்கள்? சொல்கிறேன், சொல்கிறேன். முதலில் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டுங்கள்.