நாடா வெட்டாத கீரைப் பாத்தி

இல்லை, இல்லை, அப்புத்துரைத் தலைவர் மண்வெட்டி பிடித்திருக்கிறார். படம் இருக்கிறது. வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு, கையில் கழுவித் துடைத்த மண்வெட்டி. காலுக்குக் கீழே மட்டும் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு.

இந்த இனத்தை நீங்களும் கண்டிருப்பீர்கள். கிளிநொச்சி நகரத்தில் சந்திக்கு ஒருவர் கிடைப்பார். வாசிகசாலைக்கு அவர்தான் தலைவர், மரண உதவிச் சங்கத்துக்கும் அவர்தான், பழைய மாணவர் சங்கத்துக்கும் அவர்தான், இப்போது நகரத் தோட்ட ஒன்றியம் என்று ஒன்று முளைத்ததும், நடுக்கதிரையில் வேறு யாரும் குந்துவதற்கு முதல் அதிலும் குந்திவிட்டார். "மண்ணோட வாழோணும்" என்பார். அவர் வீட்டு முற்றம் முழுக்கக் கொங்கிறீற் கல். மண் காலில் ஒட்டுமாம்.

ஒன்றியம் ஒரு பள்ளிக்கூடத்து வளவுக்குள் பத்துப் பாத்தி போட்டது. போட்டது என்றால், கொத்தியது, விதைத்தது, தண்ணீர் விட்டது எல்லாம் அங்கே பிள்ளைகளுக்கு இடைவேளைச் சோறு சமைக்கிற வடிவம்மா. தலைவர் பலகை போட்டார். அதில் அவர் பெயர் பூசணிக்காய் அளவு. கீரை என்று எழுத இடம் போதவில்லை.

முளைக்கீரை தளதளவென்று வந்தது. தொண்ணூறு பிள்ளைகளுக்கு நாள்தோறும் சோறும் பருப்புமாகப் போட்டுப் போட்டு வடிவம்மாவுக்கே அலுத்திருந்தது. பிடுங்கப் போனால், தோட்ட வேலியின் படலைக்குக் குறுக்கே சிவப்பு நாடா.

"திறப்பு விழா முடியட்டும், பிள்ளை. பெரிய ஆக்கள் வருகினம்" என்றார் தலைவர்.

பெரிய ஆட்கள் திங்கள் வருவதாக இருந்தது. பிறகு வியாழன். பிறகு 'அடுத்த கிழமை கட்டாயம்'. பிறந்த பிள்ளைக்கே முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து, ஊருக்குக் காட்டி, ஆள் மாறி ஆள் தூக்கிக் கொஞ்சுகிறோம். கீரைக்கு நாற்பது நாளாகியும் விடுதலை இல்லை. நாடாவைத் தாண்டக் கூடாதாம். வடிவம்மா வேலிக்கு வெளியே நின்று குழாயால் தண்ணீர் அடித்தார்.

"ஐயா, கீரை முத்துதுங்க. இன்னும் ரெண்டு நாள்ல பூத்திரும். பொறகு மாடுதான் திங்கும்."

"பூத்தால் நல்லதுதானே? படத்துக்கு வடிவாயிருக்கும்."

"புள்ளைங்க வெறும் பருப்போட..."

"பிள்ளையள் எங்கை ஓடப்போகுதுகள்? நிகழ்ச்சி நிரலிலை அறுவடை எட்டாவது. முதல் ஏழும் முடியோணும்."

அந்த ஏழில் ஐந்து அவருடைய பேச்சு.

இன்று விடியக் கீரையில் முதல் மொட்டைக் கண்டதும் வடிவம்மா நாடாவை வெட்டவில்லை. அது பெரிய ஆட்களின் வேலை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அதற்குக் கீழால் குனிந்து போனார். பத்துப் பாத்தியும் ஒட்டப் பிடுங்கி, தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்து, இடைவேளை மணி அடிக்கப் பரிமாறியும் விட்டார்.

அந்த நேரம் பார்த்து, பெரிய ஆட்களையும் கமராக்காரரையும் ஏற்றிக்கொண்டு தலைவரின் வாகனம் வந்து நின்றது.

தலைவர் மொட்டைப் பாத்திகளைப் பார்த்தார். அகப்பையும் கையுமாக நின்ற வடிவம்மாவுக்கு, வேலை போய்விட்டது என்றே நிச்சயம். சும்மா பயந்தார். இந்த இனத்துக்குப் பயிர் போனால் வலிக்காது. கமரா போனால்தான் வலிக்கும். கமராக்காரர் சாப்பாட்டுப் பக்கம் திரும்ப, தலைவரும் திரும்பினார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. போன மாரிக்கு நீங்கள் ஒரு மரக்கன்று நட்டு, படம் எடுத்து, எல்லோருக்கும் அனுப்பினீர்களே. படம் பத்திரமாக இருக்கும். கன்று இருக்கிறதா? போய்ப் பார்க்க வேண்டாம், செருப்பில் மண் ஒட்டும்.

தலைவர் ஓடிப்போய்ப் பிள்ளைகளுக்கு நடுவில் நின்றார். பாதித் தட்டுகள் அதற்குள் வழித்துத் துடைத்தாயிற்று. மீதிப் பிள்ளைகளைப் பார்த்து இரண்டு கையையும் விரித்துக் கத்தினார்:

"வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பிடிச்சுக்கொண்டிருங்கோ பிள்ளையள், விழுங்கிப் போடாதேங்கோ! என்ரை பேச்சு முடியட்டும்!"