கெட்டிச்சாயத்துக்கு விழுந்த இங்கிலீஷ் வசவு

அறுபதுகளில் காஞ்சிபுரத்தில் பெருமை பேசுவதற்கென்று ஒரு பதவி இருந்திருந்தால், அதில் 'கெட்டிச்சாயம்' என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்திருந்தவரைத் தவிர வேறு யாரையும் உட்காரவைத்திருக்க முடியாது. நான் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த பட்டு நெசவாளர் சங்கத்தில் நூலுக்குச் சாயம் போடுபவர் அவர். தன் சிவப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், அந்திவானமே தன்னிடம் தொழில் பழகியது என்பார்.

ஒரு தடவை மெட்ராஸிலிருந்து ஓர் அதிகாரி ஆய்வுக்கு வந்தார். அவரிடமும், தன் சிவப்பைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும் ஒரு பொட்டு இறங்காது என்று அளந்தார். அதிகாரி சிரித்துவிட்டுப் போனார். பத்து நாளில் அறிக்கை வந்தது. சாயக்காரர் பேசுவதெல்லாம் வெறும் 'கேஸ்கனேட்', வேறு ஆளைப் பார்க்கவும் என்று எழுதியிருந்தார்.

வேலை போகப்போவதைவிட அந்தச் சொல்தான் அவரைக் குத்தியது.

"இன்னா திட்டுன்னே தெரியாம எப்படி ரைட்டரே வாங்கிக்கினு இருக்கிறது?" என்றார்.

சங்கத்திலிருந்த குட்டி அகராதியில் அது இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வக்கீல் ஒருவர், கிரிமினல் சமாசாரமாக இருக்கலாம் என்று பயமுறுத்தினார். டாக்டர், வயிற்றில் வாயு சேர்வது என்று சொல்லி மாத்திரை எழுதிக்கொடுத்தார். வாங்கிய பாவத்துக்கு அதையும் மூன்று நாள் விழுங்கினார். நான்காம் நாள், அர்த்தம் தெரியாமல் சாயத்தொட்டிப் பக்கம் போவதில்லை என்று என்னையும் இழுத்துக்கொண்டு மெட்ராஸ் பஸ் ஏறிவிட்டார்.

அங்கே ஒரு பெரிய நூலகத்தில், தலையணை கனத்துக்கு இருந்த அகராதியைப் புரட்டி நூலகர் அம்மாள் விளக்கினார். பிரான்சு தேசத்தில் கேஸ்கனி என்று ஒரு சீமை. அந்தச் சீமைக்காரர்கள் ரொம்பப் பீற்றிக்கொள்வார்கள் என்று மற்றவர்கள் கேலி செய்வார்களாம். அந்தக் கேலியே வீண்பெருமைக்குப் பெயராகி, பிரெஞ்சிலிருந்து இங்கிலீஷுக்கும் வந்துவிட்டதாம்.

கோபப்படுவார் என்று பார்த்தேன். அவரோ அகராதியின் அந்தப் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"நாலு பேருக்கு வாய் நீண்டதுக்கு ஒரு சீமைக்கே கெட்ட பேரா? நாளைக்கு என்னால காஞ்சிபுரம் இந்த புக்ல ஏறிடக் கூடாதுபா" என்றார் மெதுவாக.

நேராக அதிகாரியின் ஆபீஸுக்குப் போனோம். கேன்டீனில் கெஞ்சி, கொதிக்கக் கொதிக்க ஒரு பாத்திரம் தண்ணீர் வாங்கினார். பையிலிருந்து சிவப்புப் பட்டுநூலை எடுத்தார். அதிகாரியின் வெள்ளைக் கைக்குட்டையைக் கேட்டு வாங்கி, நூலோடு சேர்த்து முக்கினார். அவர் வாய் மூடியிருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கைக்குட்டை வெள்ளையாகவே வெளியே வந்தது.

அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அறிக்கையின் நகலை வரவழைத்து, அந்தச் சொல்லையும் அதற்கடுத்த வரியையும் அடித்துக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம், பிரான்சிலிருந்து தன் சிவப்பைக் கேட்டுக் கடிதம் வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த மனிதர் நம்பாமல் என் பக்கம் திரும்பி, "நெசமாங்க?" என்றார்.

"ஆமாங்க. நான்தான் படிச்சுக் காட்டினேன்" என்றேன்.