நூறு விழுக்காட்டுக்கு ஒரு பை குறைவு

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு செய்த அடுத்த பெரிய காரியம், சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கும் மாசாய் வட்டாரத்து இடைநிலைப்பள்ளி ஒன்றில், பள்ளியிறுதியான ஐந்தாம் படிவ வகுப்பறைச் சுவரில் நீலத்துணி ஒன்றைத் தொங்கவிட்டதுதான். இடையில் வந்த சக்கரம், அச்சு இயந்திரம் போன்ற சில்லறை விஷயங்களை விட்டுவிடலாம். அந்தத் துணியில் வரிசையாகச் சின்னச் சின்னப் பைகள் தைத்திருந்தார்கள். ஒவ்வொரு பைக்கும் மேலே ஒரு மாணவரின் பெயர். காலையில் வந்ததும் அவரவர் கைப்பேசியை அவரவர் பையில் போட்டுவிட வேண்டும். மணி அடித்ததும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இதற்குக் 'கவனச்சிதறல் ஒழிப்புச் செயல்திட்டம்' என்று பெயர்.

இந்தத் திட்டத்தின் தந்தை கனகராஜ். கட்டொழுங்கு ஆசிரியர். அந்த வகுப்புக்குக் கணிதமும் அவர்தான் போதித்தார். கால அட்டவணையில் அப்படித்தான் போட்டிருந்தது.

முதல் நாளே அவர் துணிக்கு எதிரே நின்று, தன் கைப்பேசியை உயர்த்திப் படம் பிடித்தார். படம் இல்லாத நிகழ்ச்சி நடக்காத நிகழ்ச்சி என்பது ஆசிரியர் உலகம் அறிந்த உண்மை. நட்ட மரம் பட்டுப்போகலாம். நடும்போது எடுத்த படம் பட்டுப்போகக் கூடாது. படத்தை ஆசிரியர்களின் கைப்பேசிக் குழுவில் போட்டார். போட்ட கையோடு பள்ளி முதல்வர் புஷ்பவள்ளியிடமிருந்து கேள்வி வந்தது.

"மூணாவது வரிசை, கடைசிப் பை. ஏன் காலி?"

கனகராஜ் அருகில் போய்ப் பார்த்தார். பைக்கு மேலே 'லோஷினி' என்று எழுதியிருந்தது.

"உன் ஃபோன் எங்கம்மா?"

"என்கிட்ட ஃபோன் இல்ல சார்."

"வீட்டுல வச்சிட்டு வந்துட்டியா?"

"வீட்டுலயும் இல்ல சார். அம்மாகிட்ட ஒன்னு இருக்கு. அவங்க சிங்கப்பூருக்கு வேலைக்கு எடுத்துட்டுப் போயிருவாங்க."

கனகராஜ் புன்னகைத்தார். கட்டொழுங்குத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர். 'இல்லை' என்று சொல்லும் மாணவரிடம்தான் இரண்டு இருக்கும் என்பது அவர் அனுபவம். புத்தகப்பையைக் கொட்டச் சொன்னார். தண்ணீர்ப் புட்டி, கால்குலேட்டர், ஓரம் மடங்கிய கணிதப் பயிற்சிப் புத்தகம். அவ்வளவுதான் விழுந்தன. கைப்பேசியை எவ்வளவு சாமர்த்தியமாக மறைத்திருக்கிறாள் என்று அவருக்கு வியப்பாக இருந்தது.

லோஷினி அந்தப் புத்தகத்தையே விரித்து நீட்டினாள். "சார், புத்தகம் வெளிய வந்ததுதான் வந்திச்சி, இந்த ஒரு கணக்க மட்டும் சொல்லிக் குடுங்க சார். சைன் கணக்கு. முன்னோட்டத் தேர்வு வருது."

"இரும்மா. படத்த அனுப்பிட்டு வரேன்."

அவர் வரவில்லை. குற்றம் அவருடையதல்ல. படம் முதலில் வகுப்புக் குழுவுக்குப் போக வேண்டும். அங்கிருந்து கட்டொழுங்குக் குழுவுக்கு, பிறகு பெற்றோர் ஆசிரியர் சங்கக் குழுவுக்கு. ஒவ்வொன்றிலும் யாராவது கட்டைவிரல் தூக்குவார்கள். அதற்குப் பதில் கட்டைவிரல் தூக்காமல் இருப்பது மரியாதையல்ல. இப்படி மாணவர்களின் கவனம் சிதறாமல் காப்பதிலேயே அவருடைய பாடவேளை முழுவதும் கழிந்தது. மாணவர்கள் கையைக் கட்டிக்கொண்டு, கைப்பேசி இல்லாமல், கவனம் சற்றும் சிதறாமல், அவர் கைப்பேசி பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வகுப்புத் தலைவன் தீபன் ஒருநாள் எழுந்தான். "சார், உங்க ஃபோனுக்குப் பை இல்லையா சார்?"

"இது ஃபோன் இல்லடா. கண்காணிப்புக் கருவி."

தீபன் உட்கார்ந்துவிட்டான். அறிவியல்பூர்வமான விளக்கம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

எல்லாம் சரி, அந்தக் கடைசிப் பைதான் சரியாக இல்லை. மற்ற வகுப்புகள் நூறு விழுக்காடு காட்டின. கனகராஜின் வகுப்பில் மட்டும், திட்டத்தின் தந்தை வீட்டிலேயே, 'ஒப்படைக்கப்படாத கைப்பேசி: ஒன்று' என்று தினமும் பதிவாயிற்று. அந்த ஆண்டின் சிறந்த கட்டொழுங்கு ஆசிரியர் விருது அந்தப் பைக்குள்தான் இருந்தது. அவர் லோஷினியின் அம்மாவை வரவழைத்தார்.

சந்திரமதி ஒருநாள் லீவு போட்டுவிட்டு வந்தார். விடியும் முன்பே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குப் போகும் கடற்பாலமான காஸ்வேயைக் கடந்து தொழிற்சாலைக்குப் போகிறவர். பகல் வெளிச்சத்தில் மாசாயைப் பார்த்தே நாளாகியிருக்கும். மகளைப் பற்றிப் புகார் என்றதும் முகமே செத்துப்போயிருந்தது.

"என்னா சார் செஞ்சா?"

"ஒன்னும் செய்யல. அதான் பிரச்சனை. அவளுக்கு ஒரு ஃபோன் வாங்கிக் கொடுங்க."

"ஃபோனா? எதுக்கு சார்?"

"நாங்க அத வாங்கிப் பையில வைக்கத்தான்."

"பள்ளிக்கூடத்துல ஃபோன் பாக்கக் கூடாதுன்னு சொல்றீங்க."

"ஆமா."

"அதுக்காக அவளுக்கு ஃபோன் வாங்கிக் குடுக்கச் சொல்றீங்க."

"பரவால்லயே, டக்குனு புரிஞ்சிக்கிட்டீங்க. பல பெற்றோருக்கு இது புரிய நேரமாகுது."

"அலமாக்," என்றார் சந்திரமதி, 'அடக் கடவுளே' என்பதுபோல், தனக்குத்தானே. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "சார், ஃபோன் கேட்டு அழுவுற வயசுல எம்பொண்ணு கேக்கல. நீங்க கேக்குறீங்க. இவளும் என்னிய மாதிரி இருட்டோட காஸ்வேல போயி நிக்கக் கூடாதுன்னுதான் நான் நின்னுக்கிட்டு இருக்கேன். கணக்கு நல்லா வந்தாதான் யுனிவர்சிட்டிக்குப் போறதுக்கு மெட்ரிகுலேஷன் படிப்பு கிடைக்குமாம். அந்த சைன் கணக்க உங்ககிட்ட கேட்டுக் கேட்டுப் பாத்துட்டாளாம். அத மட்டும் சொல்லிக் குடுத்திருங்க சார், போதும்."

"கண்டிப்பா," என்றார் கனகராஜ். மேசைமேல் இருந்த கண்காணிப்புக் கருவி அதிர்ந்தது. அவர் அதை எடுத்துப் பார்த்து முடிப்பதற்குள் சந்திரமதி எழுந்து போய்விட்டார்.

பெற்றோர் ஒத்துழைக்காத இடத்தில் ஆசிரியர்தான் தியாகம் செய்ய வேண்டும். கனகராஜ் லோஷினியின் கால்குலேட்டரைத் தியாகம் செய்தார். கறுப்பு நிறம், கைப்பேசி அளவு. பைக்குள் தலைகீழாகச் செருகினால் படத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அன்றே அவர் வகுப்பு நூறு விழுக்காட்டைத் தொட்டது. குழுவில் கட்டைவிரல்கள் மழையாகக் கொட்டின.

"சார், கால்குலேட்டர் இல்லாம சைன் மதிப்ப எப்படி சார் கண்டுபிடிக்கிறது?"

"நம்ம முன்னோர்லாம் கண்டுபிடிக்கலையா? முயற்சி பண்ணு."

அவள் முயற்சி செய்தாள். முன்னோட்டத் தேர்வன்றும் கால்குலேட்டர் பைக்குள்தான் இருந்தது; கணக்குத் தாளில் தோற்றுப்போனாள். தாளை வாங்கிக்கொண்டு தன் இடத்துக்குப் போய், தலையைக் கவிழ்த்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். அது வெட்கக்கேடு; அவளுடைய வெட்கக்கேடு அல்ல. கனகராஜ் அந்தக் கண்ணீரைப் பார்க்கவில்லை. அவர் அப்போது ஒரு முக்கியமான செய்தி படித்துக்கொண்டிருந்தார். திட்டத்தை நேரில் காண மேலிடத்திலிருந்து அதிகாரி வருகிறார்.

அதிகாரி ரமணன் வந்த காலையில்தான் கனகராஜுக்கு அது உறைத்தது. படத்துக்குச் சரி, நேரில் வந்து பைக்குள் கை விடுகிறவருக்குக் கால்குலேட்டர் கைப்பேசியாகத் தெரியாதே. தாழ்வாரத்தில் முதல்வரின் குரல் நெருங்கிக்கொண்டிருந்தது. கனகராஜ் கால்குலேட்டரை உருவி லோஷினியின் மேசையில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, சொந்தக் கையால், தன் கைப்பேசியை அந்தப் பைக்குள் போட்டார்.

ரமணன் துணியைத் தடவிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, முதல்வருடன் பின்வரிசையில் அமர்ந்தார். "பாடத்த நடத்துங்க."

கனகராஜின் கை சட்டைப்பைக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. அனுப்ப ஒரு படமில்லை, தூக்க ஒரு கட்டைவிரலில்லை. எதிரே ஒரு வகுப்பு உட்கார்ந்திருந்தது. லோஷினி கையைத் தூக்கினாள்.

"சார், சைன் கணக்கு."

வேறு வழி தெரியாமல் கனகராஜ் பாடம் நடத்தினார். பலகையில் முக்கோணம் வரைந்தார். ஆரம்பத்தில் கொஞ்சம் தடுமாறினார். பிறகு பழைய கை வந்துவிட்டது. ஒரு காலத்தில் அவர் நல்ல வாத்தியார்தான். தீபன்கூடக் கேள்வி கேட்டான். லோஷினி கால்குலேட்டரைத் தட்டி, விடையைப் புத்தகத்தின் பின்பக்கத்தோடு ஒப்பிட்டு, முதல்முறையாகச் சிரித்தாள்.

அப்போது கைப்பேசி அலறியது.

அலறியது மூன்றாவது வரிசைக் கடைசிப் பை. நூறு விழுக்காட்டைப் பாராட்டி எல்லாக் குழுக்களும் சேர்ந்து வாழ்த்து அனுப்பினால் அது அலறாமல் என்ன செய்யும்? பாட நேரத்தில் கைப்பேசி ஒலித்தால் ஆண்டு முடியும்வரை பறிமுதல், உரியவருக்கு எச்சரிக்கைக் கடிதம். விதியை எழுதியவரும் கனகராஜ்தான்.

ரமணன் எழுந்து போய்ப் பெயரைப் படித்தார். "யாரு லோஷினி?"

அவள் எழுந்து நின்றாள். எச்சரிக்கைக் கடிதத்தோடு எந்த மெட்ரிகுலேஷனும் இல்லை என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். அவள் கனகராஜைப் பார்த்தாள். கனகராஜ் பலகையில் இருந்த முக்கோணத்தை ஆழ்ந்து ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"என்னம்மா, இவ்ளோ நல்லாப் படிக்கிற. இந்தச் சனியன்தானே உன் கவனத்தக் கெடுக்குது?"

"இல்ல சார். எனக்கு ஃபோனே இல்ல," என்றாள் லோஷினி. "அது எங்க சாரோடது. இன்னிக்குத்தான் அதப் பையில போட்டாங்க. இன்னிக்குத்தான் எங்களுக்குப் பாடம் நடந்திச்சி."