தண்ணீர் ஏறும்

மலையில் பிறந்தவனுக்குத் தண்ணீரைப் பற்றி ஒன்றுதான் தெரியும்: அது கீழே இறங்கும். கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் பயிரிடும் எனக்கு அந்த அறிவே போதுமானதாக இருந்தது, பங்கோர் தீவுக்குப் பெண் பார்க்கப் போகும்வரை.

அது நான்காவது இடம். முதல் மூன்று பெண்களும் குளிரைக் காரணம் காட்டி மறுத்திருந்தார்கள். இதுவும் போனால் இனிப் பெண் தேட மாட்டோம் என்று வீட்டில் கைகழுவியிருந்தார்கள். வெறுங்கையோடு போவது எங்கள் ஊர் வழக்கமில்லை. முட்டைக்கோஸ், சோளம், ஸ்ட்ராபெர்ரி என்று இரண்டு கூடை. மேலே கம்பளிக் கோட்டு வேறு (என்னிடம் இருந்த ஒரே நல்ல துணி).

துணைக்கு வந்த மாமா படகில் வாந்தியெடுத்து, கரையோரக் கடையொன்றில் படுத்துவிட்டார். நல்ல நேரத்துக்கு ஒரு மணி நேரம் இருந்தது. கரைக்கு எதிரே ஒரு குட்டித் தீவு, மணலில் நடந்தே போகலாம். அங்கே மரத்தில் இருவாச்சிப் பறவைகள், பப்பாளி நிறத்தில் பெரிய அலகோடு. பெண்ணிடம் பேச விஷயம் கிடைத்தது என்று கூடைகளோடு போனேன்.

திரும்பினால் வழியைக் காணோம். மழையில்லை, அணையும் திறக்கவில்லை, ஆனால் இடுப்பளவு தண்ணீர். எனக்கு நீச்சல் தெரியாது.

"மாமா, வெள்ளம் வந்துருச்சு!" என்று போனில் அலறினேன்.

"மழையே இல்லலா! பொண்ணு வீட்டுல காத்துட்டு இருக்காங்கடா!"

அதற்குள் குரங்குகள் சோளத்தைப் பங்கு போட்டன. ஸ்ட்ராபெர்ரியை இருவாச்சி எடுத்துக்கொண்டது. வியர்வையில் நனைந்து, பாறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். விரட்டக்கூடத் தெம்பில்லை.

கடைசியில் மாமா தகவல் சொல்லி ஒரு படகு வந்தது. ஓட்டியவர் பெண்ணின் அப்பா. முன்னால் பட்டுச் சேலையில் கயிற்றைப் பிடித்து நின்றவள் மல்லிகா, நான் பார்க்க வந்த பெண்.

"கடல் தண்ணி ஏறும்னு யாரும் சொல்லலயா?" என்று கேட்டாள்.

"எங்க ஊர்ல இறங்க மட்டுந்தாங்க செய்யும்."

முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். "மிச்சம் இருக்க கோஸையாச்சும் எடுத்துட்டு ஏறுங்க."

இவ்வளவு விவரமில்லாத ஆளுக்குப் பொய் சொல்ல வராது என்று நினைத்துத்தான் சம்மதித்தாளாம்.

பத்து வருடம் ஆகிவிட்டது. மேகம் உரசும் உயரத்தில் குடியிருக்கிறோம். இன்றும் நான் எதையாவது தரையில் வைத்தால் போதும், பிள்ளைகள் கோரஸாகக் கத்துவார்கள்: "அப்பா, மேல தூக்கி வைங்க! தண்ணி ஏறும்!" மல்லிகா சமையலறையிலிருந்து சிரிப்பாள். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

ஆனாலும் தூக்கி மேலேதான் வைக்கிறேன்.