பேனாவைச் சோதித்த கையெழுத்து

பொய் சொல்வதென்று முடிவாகிவிட்டால் அதைச் சில்லறையாகச் சொல்லக் கூடாது, மொத்தமாகவே சொல்லிவிட வேண்டும் என்று லிஃப்ட்காரர் ஒரு திங்கட்கிழமை காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது உறுதி பூண்டார்.

லிஃப்ட்காரர் என்பது அடுக்குமாடிக் குடியிருப்பில் அவருக்கு வழங்கிய பெயர். கடல் கடந்த நகரம் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக லிஃப்டுகளைப் பழுதுபார்த்துவிட்டுத் திரும்பியவர். தாம் திரும்பியதோடு நில்லாமல் மனைவியையும் திருப்பியவர். "கடைசிக் காலத்துல நம்ம ஜனத்தோட இருக்கணும்மா" என்று மூன்று குளிர்காலம் விடாமல் பேசிக் கரைத்து, அங்கே நிரந்தரமாகத் தங்குவதற்கான அட்டைகள் இரண்டையும் கொண்டுபோய் அரசு அலுவலகத்தில் ஒப்படைத்தார். அதிகாரி அவற்றில் ஓட்டை போட்டார். அம்மையார் ஓட்டையைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், கைப்பையை மூடினார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தப் பேசாத வார்த்தைக்குத்தான் லிஃப்ட்காரர் இன்றுவரை பயந்துகொண்டிருந்தார். ஏனென்றால், ஊர் திரும்பி ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அவருக்கு அந்த நகரத்தின்மேல் ஏக்கம் பிடித்துக்கொண்டது. அதிலும் ஒரு லிஃப்டின்மேல்.

அந்நகரத்து நூலகத்தில் எட்டு மாடிக்கும் சேர்த்து ஒரே ஒரு கிழட்டு லிஃப்ட். நான்காம் மாடியில் நிற்கும்போது மட்டும் அது ஒரு பெருமூச்சு விடும். அந்தச் சத்தத்தை நிறுத்தித் தருமாறு நூலகத்தார் கேட்டபோதெல்லாம், "ஸ்பிரிங் கிடைக்கவில்லை" என்று சொல்லிச் சொல்லியே லிஃப்ட்காரர் அந்தப் பெருமூச்சைக் காப்பாற்றி வந்தார். ஸ்பிரிங் அவருடைய பையிலேயே இருந்தது. இப்போது குடியிருக்கும் கட்டடத்திலும் லிஃப்ட் உண்டு. புத்தம் புதியது. ஏறும்போதும் மூச்சில்லை, இறங்கும்போதும் மூச்சில்லை. அதில் நின்றால் தமக்கே மூச்சு இருக்கிறதா என்று அவருக்குச் சந்தேகம் வரும்.

அந்த நகரத்தில் அவர்களுக்கென்று எஞ்சியிருந்தது ஒரு வங்கிக் கணக்கு மட்டுமே. கணவன் மனைவி இருவர் பேரிலும் உள்ள கணக்கு. பழைய ஊர் எண்ணோடு கூடிய பழைய போன் ஒன்று குளிர்சாதனப் பெட்டியின் தலைமேல் எந்நேரமும் சார்ஜில் கிடந்தது. எப்போதாவது அது 'டிங்' என்னும். சேவைக் கட்டணம் பிடித்துவிட்டோம் என்று வங்கி சொல்லும். அவருக்கோ நெஞ்சு குளிரும். பிடிப்பதற்காகவாவது நம்மை நினைத்துக்கொள்ள அந்த ஊரில் ஓர் ஆள் இருக்கிறதே!

போன வாரம் வந்த 'டிங்' வேறு மாதிரியானது. நீங்கள் இப்போது இந்நாட்டில் வசிப்பவர் அல்லர். ஆகவே கணக்கை வெளிநாட்டில் வசிப்போர் கணக்காக மாற்றுங்கள், அல்லது முடித்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் வீடியோவில் முகத்தைக் காட்டினால் போதும், நேரில் வரத் தேவையில்லை என்றது வங்கி. லிஃப்ட்காரர் போனைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு ஆடிட்டரிடம் ஓடினார்.

"அப்புறம் என்ன சார்? கணக்கை வெச்சுக்கோங்க. இங்க வரிக் கணக்குல மறக்காம காட்டிடுங்க. அங்க வீடியோவுல மூஞ்சியைக் காட்டிடுங்க. எவ்வளவு சௌகரியம்!"

"சௌகரியமா இருக்கறதுதான் சார் பிரச்சினை."

"என்னது?"

"நேர்ல வாங்கன்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா கெட்டா போயிடுவாங்க?"

ஆடிட்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "போகணும்னு ஆசையா இருந்தா போய்ட்டு வாங்களேன். வீட்டுல சொல்லிட்டுப் போங்க."

"என்னன்னு சார் சொல்லுவேன்? உன்னை இழுத்துட்டு வந்துட்டேன், இப்ப எனக்கே அந்த ஊர் ஞாபகமா இருக்குன்னா? ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா!"

ஆகவேதான் மொத்தப் பொய்.

இதற்கு வசதியாக ஒன்று இருந்தது. அம்மையாருக்கு அந்த ஊர் மொழி தெரியாது என்பது லிஃப்ட்காரரின் முடிவு. அங்கே பதினெட்டு ஆண்டுகள் அம்மையார் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தார் என்பது உண்மைதான். ஆனால் கடைத்தெருவானாலும் மருத்துவமனையானாலும் அம்மையார் வாயைத் திறப்பதற்குள் லிஃப்ட்காரர் முந்திக்கொண்டு பேசிவிடுவார். பேசக் கேட்டதில்லை, ஆகவே பேசத் தெரியாது. கணக்கு நேராகிவிட்டது.

அம்மையார் அடுப்படியில் இருந்தார். பாத்திரம் கழுவும் தொட்டிக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, பேங்குல இருந்து ஒரு தகவல்." லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மெருகேற்றியே மொழிபெயர்த்தார். "'முதன்மைக் கணக்குதாரர் உடனடியாக நேரில் வருகை தர வேண்டும்.' ரொம்பக் கறாரா போட்டிருக்கான்."

"அடடா! வரலைன்னா?"

"கணக்கே போயிடும்."

"போனாப் போகட்டுமே."

"போகட்டுமா?" என்று அலறியவர் சமாளித்துக்கொண்டார். "இல்லம்மா, எத்தனை வருஷத்துக் கணக்கு... மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"சரி, ரெண்டு பேருமா போவோம்."

இதற்கும் அவர் ஆயத்தமாகவே வந்திருந்தார். "கூப்பிட்டிருக்கறது ஒருத்தரை. ரெண்டு டிக்கெட் வீண் செலவு. அப்புறம் அந்தக் குளிரு முழங்காலுக்கு ஆகவே ஆகாது. எல்லாத்துக்கும் மேல குழாய்க்காரர் வரேன்னிருக்காரு. வீட்டைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் கிளம்பினா அவருக்கு யாரு கதவு திறக்கறது?"

குழாய்க்காரரிடம், "நான் சொல்ற வரைக்கும் இந்தப் பக்கமே வந்துடாதீங்க" என்று முதல்நாளே சொல்லி வைத்திருந்தார். காரணம் தீர்ந்துபோய்விடக் கூடாதல்லவா?

அம்மையார் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். "ஏங்க, உங்களுக்கு அந்த ஊர் ஞாபகமா இருக்கா?"

"எனக்கா? அந்தக் குளிரா? சேச்சே! ஒரு கடமைக்காகப் போறது."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்னம்மா இருக்கு? கடமை."

"சரி. முதன்மைன்னா முதல் பேர்தானே?"

"ஆமாம்மா, முதல் பேர். கணக்குல முதல்ல யாரு பேர் இருக்கோ, அவங்கதான் போயாகணும்."

"அது என் பேராச்சே."

சொட்டு, சொட்டு என்றது குழாய். லிஃப்ட்காரருக்குக் கேட்கவில்லை, அவர் மனம் எங்கோ பின்னால் போய்விட்டது. அந்த நகரத்தில் இறங்கிய முதல் வாரம். வங்கியின் நீண்ட மேசை. சங்கிலியில் கட்டிய பேனா. புது ஊர், புதுப் பேனா, மை வருமோ வராதோ, எதிரே இருக்கும் அதிகாரியின் முன்னால் மானம் போய்விடுமோ என்ற கலவரத்தில், "முதல்ல நீ போடும்மா, பேனா எழுதுதான்னு பார்க்கலாம்" என்று அவரேதான் காகிதத்தை மனைவி பக்கம் தள்ளினார். பேனா எழுதியது. அழகாக எழுதியது.

"அப்ப நானே போய்ட்டு வந்துடறேன்" என்றார் அம்மையார். "ரெண்டு டிக்கெட் வீண் செலவு. முழங்கால் ஆபரேஷன் பண்ணிக்கிட்டது நீங்க. அந்தக் குளிரு உங்களுக்கு ஆகவே ஆகாது. குழாய்க்காரருக்கும் கதவு திறக்கணும்."

தாம் அடுக்கிய காரணங்கள் வரிசை கலையாமல் வந்து தம் தலையிலேயே இறங்குவதை லிஃப்ட்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் செய்தியில் அப்படி ஒரு வரியே இல்லை என்று சொன்னால் தப்பிக்கலாம். சொன்னால் பொய் வெளிப்படும். பொய்க்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஏக்கமும் வெளிப்படும்.

"ஜாக்கிரதையா போய்ட்டு வாம்மா" என்றார்.

விசா வந்தது. கம்பளிச் சட்டை பெட்டியிலிருந்து வெளியே வந்தது. வங்கி அட்டை அம்மையாரின் கைப்பைக்குள் போயிற்று. பழைய போன் இருந்த இடத்திலேயே இருந்தது. "ரகசிய எண் ஏதாவது வந்தா எனக்குக் கூப்பிட்டுச் சொல்லுங்க" என்று பொறுப்பையும் கொடுத்துவிட்டு அம்மையார் பறந்தார்.

பிறகுதான் வேடிக்கை. அம்மையார் அந்த அட்டையைத் தேய்க்கும்போதெல்லாம் இங்கே குளிர்சாதனப் பெட்டியின் தலைமேல் 'டிங்' என்றது. லிஃப்ட்காரர் நாற்காலியைத் தூக்கி வந்து குளிர்சாதனப் பெட்டிக்கு அருகிலேயே போட்டுக்கொண்டார்.

டிங். டிராம் டிக்கெட். 'ஏறிட்டா. இடதுபக்கம் உட்கார்ந்தாத்தான் பாலம் தெரியும். இடதுபக்கம் உட்காரும்மா.'

டிங். ஆற்றோர ரொட்டிக் கடை. 'ஜன்னல் ஓரம் கிடைச்சுதோ என்னவோ.'

டிங். மறுபடியும் அதே ரொட்டிக் கடை. 'இன்னொரு காப்பி! என்னோட போனா ஒண்ணைத்தானே ரெண்டு பேரும் குடிப்போம்?'

இப்படியே அவர் அந்த நகரத்தைக் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி சுற்றி வந்தார். குழாய்க்காரருக்கும் போன் செய்தார். "நீங்கதானே சார் வர வேண்டாம்னீங்க? வேற வேலை பிடிச்சுட்டேன். முடிச்சுட்டு நாளைக்கு வரேன்" என்றார் அவர்.

ஒரு நாள் பிற்பகலில் அவருடைய சொந்தப் போனுக்கு அம்மையாரிடமிருந்து ஓர் ஒலிப்பதிவு வந்தது. சேதி எதுவும் எழுதவில்லை. காதில் வைத்தார்.

இரும்புக் கதவு இழுபட்டுச் சாத்திக்கொண்டது. கயிறு முறுக்கேறியது. அவருக்கு முதுகுத்தண்டு நிமிர்ந்தது. இரண்டாம் மாடி... மூன்றாம் மாடி... கண்ணை மூடிக்கொண்டார். நான்காம் மாடியில் லிஃப்ட் நின்றது. நின்று, அவர் காப்பாற்றி வைத்திருந்த அந்தப் பெருமூச்சை நிதானமாக விட்டது.

அதையடுத்து இன்னொரு பெருமூச்சு கேட்டது. அது லிஃப்டினுடையது அன்று.

லிஃப்ட்காரர் அதை மறுபடியும் கேட்டார். அன்று விளக்கேற்ற மறந்து, இருட்டும் வரை கேட்டுக்கொண்டேயிருந்தார். அவளுக்கும் இருந்திருக்கிறது. அட்டையில் ஓட்டை விழுந்த அன்றே இருந்திருக்கிறது. தாம் கேட்கவே இல்லை. அவளோ தம்மை நேருக்கு நேராகக் கேட்டாள்; அதையும் தாம் கடமை என்று பூசி மெழுகிவிட்டார்.

டிங் என்றது பழைய போன். மூக்குக்கண்ணாடிக் கடை.

அம்மையார் கன்னம் சிவந்து, பத்து வயது குறைந்து வந்து இறங்கினார். பெட்டியைக்கூடத் திறக்காமல் அடுப்படிக்குப் போய்க் குழாயைப் பார்த்தார். சொட்டியது.

"குழாய்க்காரர் வரலையா?"

"நாளைக்கு வராராம். கணக்கு என்னாச்சு?"

"வெளிநாட்டுக் கணக்கா மாத்தியாச்சு. இனிமே தொந்தரவு இல்ல. அந்த அதிகாரிதான் பாவம், ஒரே சிரிப்பு."

"எதுக்காம்?"

அம்மையார் பதில் சொல்லாமல் கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து நீட்டினார். உள்ளே ஒரு மூக்குக்கண்ணாடி. அவருடைய கண்ணின் அளவுக்கே செய்தது. மாட்டிவிட்டு, காதோரம் கம்பியை விரலால் லேசாக வளைத்துச் சரிசெய்தார். பிறகு பழைய போனை எடுத்து வங்கியின் அந்தச் செய்தியைத் திறந்து அவர் முன்னால் வைத்தார்.

"எழுத்து இப்ப தெளிவாத் தெரியுதா? நாலாவது வரியைப் படிங்க."

லிஃப்ட்காரர் படித்தார். நேரில் வரத் தேவையில்லை என்று அந்த ஊர் மொழியில் படித்தார். அசடு வழிய நிமிர்ந்தார்.

"உனக்கு... அந்த மொழி படிக்கத் தெரியுமா?"

"பதினெட்டு வருஷம் கண்ணு டெஸ்ட் பண்ணினேன். படிக்கத் தெரியாதவ உட்கார்ந்துக்கிட்டு ஊரையெல்லாம் படிங்க படிங்கன்னு சொல்லுவாளாங்க?"

இந்த யோசனை அவருக்கு இத்தனை ஆண்டுகளில் ஒரு நாளும் வந்ததில்லை.

"செய்தி வந்த அன்னிக்கே படிச்சுட்டேன்" என்றார் அம்மையார், சற்றே குரல் தாழ்த்தி. "அதனாலதான் ஞாபகமா இருக்கான்னு கேட்டேன். ஆமாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு டிக்கெட் போட்டிருப்பேன்."

லிஃப்ட்காரர் புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. "ஞாபகமாத்தாம்மா இருக்கு" என்றார். "எப்பவும் ஞாபகமா இருக்கு. அந்தக் குளிருகூட."

"அப்படிச் சொல்லுங்க."

"அடுத்த தடவை ரெண்டு பேருமா போவோமா?"

"ஓ, போவோமே! இந்த மாசமே வேணும்னாலும் கிளம்பலாம்." அம்மையார் எழுந்து, தொட்டியில் நிரம்பியிருந்த கிண்ணத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தார். "குழாய்க்காரர் வந்து போயிடட்டும்."

குழாய்க்காரர் நாளைக்கு வருகிறார்.