அஷ்டமியில் வெளுத்த பல்

நாற்பது தாண்டியபிறகு ஒப்புக்கொள்ள என்ன வெட்கம்? இருபத்தெட்டு வயதுவரை நான் வாயை மூடிக்கொண்டுதான் சிரித்தேன். (மயிலாப்பூரில் ‘அடக்கமான பையன்’ என்று பெயர் வாங்கியது அப்படித்தான்.) கல்லூரியில் கிரிக்கெட் பந்து பட்டு முன்பல் ஒன்றுக்கு ரூட் கேனால் செய்திருந்தார்கள். வலி போயிற்று, கூடவே நிறமும் போயிற்று. வருஷத்துக்கு வருஷம் கறுத்து, பல் புளியங்கொட்டை நிறத்துக்கு வந்துவிட்டது.

திருவான்மியூரில் பெண் பார்க்க நாள் குறித்தார்கள். புதன்கிழமை. (“பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது” என்றார் அப்பா.) போட்டோவிலேயே வித்யாவை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவள் எதிரே ஒரு தடவையாவது பல் தெரியச் சிரித்துவிட வேண்டும். முந்தின வாரம் திங்கட்கிழமையே பல் டாக்டரிடம் ஓடினேன். அவர் பல்லின் பின்பக்கம் துளை போட்டு, உள்ளே வெளுக்கும் மருந்தை வைத்து அடைத்தார்.

“வியாழக்கிழமை வந்துடுங்க, எடுத்துடலாம். மறந்தீங்கன்னா வெளுத்துக்கிட்டே போகும்.”

வியாழன் காலை நான் செருப்பு மாட்டும்போது அப்பா தினசரி காலண்டரில் தாளைக் கிழித்தார்.

“எங்கடா கிளம்பிட்டே? இன்னிக்கு அஷ்டமி.”

வெள்ளி, நவமி. சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்குமாம். ஞாயிறு, டாக்டருக்கு விடுமுறை. திங்கள், அவர் ஊரில் இல்லை.

“கல்யாணப் பேச்சு எடுக்கற நேரத்துல, செவ்வாயும் அதுவுமா வாயில ஆயுதம் படலாமாடா?”

பழியை அப்பா மேல் போடுவது சுலபம். உள்ளூர எனக்கும் சந்தோஷம்தான். மூன்று நாளில் வெள்ளை என்றால் ஒன்பது நாளில் எவ்வளவு வெள்ளை!

புதன்கிழமை கண்ணாடியில் பார்த்தேன். அந்தப் பல் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி நின்றது. இருபத்தெட்டு வருஷக் காபியில் ஊறிய மற்ற பற்களை அன்றுதான் முதல்முறையாகக் கவனித்தேன்.

பெண் வீட்டில் பஜ்ஜி ஆனதும் எங்களை பால்கனியில் பேச அனுப்பினார்கள். நான் சிரித்தேன். வித்யா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“தப்பா எடுத்துக்காதீங்கோ. அது கட்டின பல்லா?”

“இல்லை. சொந்தப் பல்லுதான்.”

யோசித்தாள். “அப்போ மத்ததெல்லாம்?”

எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. இந்தப் பெண் கிடைக்க மாட்டாள் என்று முடிவு கட்டிவிட்டு, கிரிக்கெட் பந்து முதல் செவ்வாய்க்கிழமை வரை ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தேன். நவமிக்கு வந்தபோது அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சனிக்கிழமையில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து பெரியவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, ஜாதகத்தைவிட நல்ல பொருத்தம் என்று பேசிக்கொண்டார்களாம்.

மறுநாள் மருந்தை எடுத்த டாக்டர் கையை விரித்தார். “போன கலர் உடனே வராது. நிறைய காபி குடிங்க.” கல்யாணம்வரை குடித்தேன்; போதவில்லை. மேடையில் போட்டோகிராபர் நாலு படம் எடுத்துப் பார்த்துவிட்டு என் காதருகே வந்தார்.

“சார், ஒரு பல்லு மட்டும் தனியா அடிக்குது சார். வாயை மூடிக்கினே சிரி சார்.”

ஆகவே கல்யாண ஆல்பம் முழுக்க நான் பழையபடி அடக்கமான பையன். வீட்டுக்கு யார் வந்தாலும் வித்யா முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறாள்.

“பாருங்கோ, யாரோ மிரட்டிப் பண்ணிவெச்ச கல்யாணம் மாதிரியே இல்லை?”