பெறப்பட்டது, ஆவன செய்யப்படும்

அன்பும் பொறுமையும் மிக்க மாப்பிள்ளைக்கு, உன் தாய்மாமன் எழுதுவது.

இங்கு நான், என் மகள், மருமகன், சர்வர் ஆகிய நால்வரும் நலம். அங்கு நீயும், உன் மனைவியும், முழங்கால் வலி நீங்கிய என் தங்கையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வலி நீங்கவில்லையென்றால் 'நீங்கிய' என்ற சொல்லை அடித்துவிட்டுப் படிக்கவும்.

இதைப் போனில் சொல்லலாமே என்று நீ நினைப்பாய். போனில் நான் முன்னுரையை முடிப்பதற்குள் நீ "சரிங்க மாமா, பாத்துக்கலாம் மாமா" என்று வைத்துவிடுகிறாய். நம் கண்ணாடி வில்லைப் பெட்டிகளோடு மாலையில் உன் ஊருக்கு வரும் வேன்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். விஷயம் இதுதான்: சனிக்கிழமை நீ இங்கே வர வேண்டாம். சர்வரைக் கண்காணிக்கும் வேலையை நானே தனியாகச் செய்ய முடியும் என்ற முடிவுக்கு, நன்றாக யோசித்து, நடுவில் இரண்டொரு முறை பின்வாங்கி, இப்போது வந்து சேர்ந்திருக்கிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததும் கலந்து வரும், பொறுத்துக்கொள். வரிசை கெட்டால் எனக்குக் கை ஓடாது. என் மகளின் பட்டறையில் மூக்குக்கண்ணாடிக்கு வில்லை அரைத்துக் கொடுக்கிறோம். சின்னக் கடைக்காரர்கள் போனில் ஆர்டர் சொல்லிவிடுவார்கள். கண் ஆஸ்பத்திரி மட்டும் தன் கணினியிலிருந்து நேராக நம் சர்வருக்கு அனுப்பும். போன மாதம் சர்வர் யாருக்கும் சொல்லாமல் ஒரு பகல் முழுக்கச் செயலற்றுக் கிடந்ததில் ஆஸ்பத்திரி ஆர்டர்கள் எங்கோ போயின. அவர்களுடைய மேலாளர் அம்மாள் நேரில் வந்தார். "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நாங்க வேற இடம் பாத்துக்கறோம்" என்று, கொடுத்த தண்ணீரைத் தொடாமல் எழுந்து போனார். பட்டறை வேலையில் பாதி அந்த ஆஸ்பத்திரியுடையது. அது போனால் ஆட்களிலும் பாதிப் பேரை அனுப்ப வேண்டிவரும். இதை என் மகள் என்னிடம் சொல்லவில்லை. அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தட்டைப் பார்த்துக்கொண்டே எழுந்து போனதிலிருந்து நானே தெரிந்துகொண்டேன்.

அப்போதுதான் நீ வந்து ஏஜென்ட் ஒன்றைப் போடலாம் என்றாய். சர்வருக்குள்ளேயே உட்கார்ந்து, மூச்சு இருக்கிறதா, சூடு எவ்வளவு, இடம் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து என் மேசைக் கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் சின்ன புரோகிராம். அதில் ஏதாவது கோளாறு தெரிந்தால் என் மேசைக் கணினி எனக்கு மெயில் அனுப்பும். நான் கவனிக்கவில்லையென்றால் அரை மணி நேரத்தில் உன் போனுக்குச் சொல்லும். பாதி வேலையில் உனக்கு வேறு எங்கிருந்தோ அழைப்பு வந்தது. "மிச்சத்த நீங்களே போட்டுருவீங்க மாமா, தாள்ல எழுதி வெச்சிருக்கேன்" என்று கிளம்பிவிட்டாய். நீ போனபின் அந்தத் தாளை எடுத்துப் படித்தேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து மறுபடி படித்தேன். ஒரு பெரிய அலுவலகத்தின் தபால் பிரிவில் பணிக்காலம் முழுவதும் இருந்தவன் நான். எந்தக் கடிதம் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்பது தெரியும். எந்த போர்ட் வழியாகப் போக வேண்டும் என்று யாரும் அங்கே கேட்டதில்லை.

ஏஜென்டிடமும் என் கணினியிடமும் ஒரே ரகசியச் சொல் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். இருந்தது. மருமகன் எழுத்தெழுத்தாக வாசிக்க, நான் விரல் வைத்து ஒப்பிட்டேன். அப்படியும் என் கணினி 'இவர் யாரென்று தெரியவில்லை' என்று ஏஜென்டைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தது. தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும் என்று எடுத்த எடுப்பிலேயே நினைத்தேன். எனக்கு அது பழக்கம். இந்த முறை அது சரியாகவும் இருந்தது. நகலெடுத்து ஒட்டும்போது சொல்லுக்குப் பின்னால் ஒரு வெற்றிடமும் கூடவே வந்து ஒட்டியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒன்றுமில்லாததை அழித்தேன், இருவருக்கும் அறிமுகம் ஆகிவிட்டது. அடுத்து, வெளியாரைத் தடுக்கும் ஃபயர்வாலில் நீ குறித்திருந்த போர்ட்டுக்குப் பக்கத்து எண்ணைத் திறந்துவிட்டேன். ஏஜென்ட் சரியான கதவைத் தட்டிக்கொண்டிருக்க, நான் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு விருந்தாளியைக் காணோமே என்று காத்திருந்தேன். அதுவும் சரியானபின், சர்வரின் கடிகாரம் பின்தங்கியிருந்ததால் வரும் செய்தியெல்லாம் பழைய செய்தியாக இருக்கிறது என்று என் கணினி வாங்க மறுத்தது. இதையெல்லாம் கண்டுபிடிக்க உதவியது உன் தாளில் 'தேவைப்பட்டால் மட்டும்' என்று நீ எழுதியிருந்த அமைப்பு. ஏஜென்ட் தான் செய்வதையெல்லாம் ஒன்றுவிடாமல் சர்வரிலேயே எழுதிவைக்கும் அந்த லாக்கைத்தான் சொல்கிறேன். எத்தனை ஒழுங்கு. தட்டினேன், திறந்தார்கள், சொன்னேன், கேட்டார்கள் என்று ஒவ்வொரு அசைவையும் எழுதுகிறது. இப்போதும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறது. அப்படி ஒரு உதவியாளரை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

பிறகு எச்சரிக்கை அளவுகள். எவ்வளவு சூடானால் சொல்ல வேண்டும், எவ்வளவு மெமரி நிரம்பினால் சொல்ல வேண்டும் என்று கேட்டது. பின்னால் வருத்தப்படுவதைவிட முன்கூட்டியே தெரிந்துகொள்வது மேல் என்று எல்லாவற்றையும் மிகத் தாழ்வாக வைத்தேன். சர்வர் சும்மா ஒரு கோப்பைத் திறந்தாலே மெயில் வந்தது. மூடினால் 'நிலைமை சீரானது' என்று இன்னொன்று. சாப்பிடும்போது என் சட்டைப்பையில் போன் விடாமல் துடித்ததில் மருமகன், "மாமா, பையில தேனீ எதும் வளக்கறீங்களா?" என்றார். என் மகள் போனை வாங்கிப் பார்த்தாள். "உங்க பயத்தையெல்லாம் அதுக்குச் சொல்லிக் குடுத்துட்டீங்களாப்பா?" என்றாள். "நல்லாப் புடிச்சுக்கிட்டிருக்கு." அன்றைக்கே அளவுகளை உன் தாளில் இருந்தபடி மாற்றிவிட்டேன். ஆனால் அதற்குள் வந்து சேர்ந்த மெயில்கள் சில நூறு இருந்தன.

இத்தனைக்கு நடுவிலும் ஒரு வெற்றியைச் சொல்ல வேண்டும். தற்பெருமை என்று எண்ணாதே, எண்ணினாலும் பரவாயில்லை. தினமும் மதியம் பட்டறையின் நெட்வொர்க் பெட்டி இறந்துவிடுவதாகவும், கொஞ்ச நேரத்தில் பிழைத்துக்கொள்வதாகவும் மெயில் வந்தது. நான் போய் அலமாரிக்குப் பின்னால் ஒளியாத குறையாக நின்று பார்த்தேன். வில்லை அரைக்கும் மூத்த தொழிலாளி வந்தார். எதைக் கேட்டாலும் 'ஆகாது' என்று தொடங்குவதால் அவரை எல்லாரும் மைனஸ் அண்ணன் என்கிறார்கள். வந்தவர் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, அதில் ஃபேனைச் சொருகி, காலை நீட்டிப் படுத்தார்.

"என்ன பண்றீங்க?" என்றேன்.

"தூங்கறேன் சார்."

"அது நெட்வொர்க் பிளக்."

"நான் ஃபேன் பிளக்னு நெனச்சேன். எவனோ தெனம் அதுல இதச் சொருகி வெக்கறான், நானும் தெனம் புடுங்கறேன்."

"எத்தன நாளா?"

"பட்டறை தொறந்ததுலேந்து. யாரும் ஒண்ணும் சொல்லலையே."

யாரும் சொல்லாததை ஏஜென்ட் சொன்னது. அதைக் கேட்டு நடந்தவன் நான். அன்றிலிருந்துதான் எனக்குள் ஒரு துணிச்சல் வந்தது. ஃபேனுக்குத் தனி பிளக் வைத்துக் கொடுத்தேன். "ஆகாது" என்று சொல்லிவிட்டு அவர் அதில்தான் இப்போது தூங்குகிறார்.

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம். இதை உன் மற்ற வாடிக்கையாளர்களுக்கும் நீ சொல்லிக் கொடுக்கலாம். இந்த எச்சரிக்கை மெயில்களுக்கு ஒரு கெட்ட குணம். ஒரே கோளாறைப் பற்றி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நினைவூட்டும். எங்கள் தபால் பிரிவில் எழுதாத விதி ஒன்று உண்டு: வந்த கடிதத்துக்கு அன்றே ஒப்புகை, பிறகு வந்த வரிசைப்படி நடவடிக்கை. பின்னால் வந்தவர் சத்தம் போடுகிறார் என்பதற்காக முன்னால் வந்தவரைக் காக்கவைப்பது அநியாயம். ஆகவே வருகிற ஒவ்வொரு மெயிலுக்கும் உடனே, "தங்கள் மடல் பெறப்பட்டது. ஆவன செய்யப்படும். நன்றி" என்று பதில் எழுதத் தொடங்கினேன். இயந்திரத்துக்கு மரியாதை தெரியுமா என்று எனக்கே சந்தேகம்தான். தெரிகிறது, மாப்பிள்ளை. பதில் போன மறுகணமே அது அடங்கிவிடுகிறது, மறுபடி அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. மனிதர்களிடம்கூட நான் இப்படிக் கண்டதில்லை. ஒப்புகை எல்லாவற்றுக்கும் போய்விட்டது. நடவடிக்கையில் பழைய மெயிலிலிருந்து வரிசையாக வந்து, வியாழக்கிழமையான இன்று, திங்கட்கிழமைத் தபாலை முடித்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமையுடையதை நாளைக் காலை எடுப்பேன்.

பலன் என்ன என்று கேள். என் போன் அமைதி. உனக்கும் இந்த நாட்களில் ஒரு செய்திகூட வந்திருக்காது. அதைவிடப் பெரிய அத்தாட்சி வேறு வேண்டுமா? பட்டறையே அமைதியாக இருக்கிறது. ஆஸ்பத்திரி வில்லை அரைக்கும் இயந்திரத்தை மைனஸ் அண்ணன் மூன்று நாளாகத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறார். "அது என்னப் பாக்குது, நான் அதப் பாக்கறேன் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் சீராக இருந்தால் மனிதர்களுக்குச் சுத்தம் செய்யவும் நேரம் கிடைக்கிறது பார்.

ஆகவே நீ நிம்மதியாக இருக்கலாம். இன்று காலை உன் மனைவிக்கு நானே போன் செய்து, இந்தச் சனிக்கிழமை உன்னை விட்டுவிடுகிறோம் என்று சொல்லிவிட்டேன். "நிஜமாவா மாமா?" என்றாள். "எங்க அக்கா வீட்டுக்கு மூணு தடவ கெளம்பி, மூணு தடவயும் செருப்பு போட்டப்புறம் திரும்பியிருக்கோம். இவரு பேசாம ஒரு சர்வரக் கட்டிக்கிட்டிருக்கலாம். நாளைக்குக் காலைலயே கெளம்பறோம். அவரு போன இப்பவே ஆஃப் பண்ணி பீரோல வெச்சுப் பூட்டிடறேன்." தாராளமாகப் பூட்டம்மா என்று சொன்னேன். அந்தப் பெண் சிரித்து நான் கேட்டது இதுவே முதல் தடவை. ஒரு குடும்பத்தில் சிரிப்பை வரவழைத்த திருப்தியோடு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

தங்கைக்கு என் அன்பைச் சொல். மாடிப்படி ஏற வேண்டாம் என்று சொல். நீயும் உன் மனைவியும் மனமொத்து, எந்த எச்சரிக்கையும் வராத நீண்ட வாழ்வு வாழ வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தன் மேல் சற்றே நம்பிக்கை வந்துள்ள,
உன் மாமா.

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். முதல் பத்தியில் நால்வர் நலம் என்பதை மூவர் என்று திருத்திக்கொள்ளவும். என் மகளின் முகத்தைப் பார்த்தால் இருவர் என்றும் வைத்துக்கொள்ளலாம். இப்போதுதான் ஆஸ்பத்திரி மேலாளர் அம்மாள் பேசினார். செவ்வாய்க்கிழமையிலிருந்து அவர்கள் அனுப்பிய ஆர்டரில் ஒரு வில்லைகூட வரவில்லையாம். ஏஜென்ட் ஒன்றுவிடாமல் எழுதிய லாக் வளர்ந்து வளர்ந்து சர்வரின் டிஸ்க் முழுவதையும் அடைத்துக்கொண்டுவிட்டது. ஆர்டர் வந்து உட்கார இடமில்லை. காவலுக்கு வைத்தவன் வீட்டையே நிரப்பிவிட்டான். அழிக்கப் பார்த்தேன், 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்கிறது. எழுதவைக்க அனுமதி இருந்தது. அழிக்கும் உரிமை உன் பாஸ்வேர்டுக்கு மட்டும்தான்.

செவ்வாய்க்கிழமையே மெயில் வந்திருக்கிறது. இடம் தீர்கிறது என்று ஒன்று, தீர்ந்துவிட்டது என்று ஒன்று, ஆர்டர் வாங்கும் புரோகிராம் நின்றுவிட்டது என்று ஒன்று. மூன்றுக்கும் ஆவன செய்யப்படும் என்று பதில் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு மெயிலின் அடியிலும் பொடி எழுத்தில் இரண்டு வரி இருக்கிறது. என் பதிலுக்குக் கீழே போய்விடுவதால் அதை நான் படித்ததே இல்லை: 'இதற்குப் பதில் அனுப்பினால், பொறுப்பானவர் பார்த்துவிட்டார், சரிசெய்துகொண்டிருக்கிறார் என்று பதிவாகும். இனி நினைவூட்டல் வராது. வேறு யாருக்கும் தகவல் போகாது.' அது அடங்கியது மரியாதையால் அல்ல, மாப்பிள்ளை. என்னை நம்பி அடங்கியிருக்கிறது.

என் மகள் திட்டவில்லை. என் பதில்களையெல்லாம் வரிசையாகப் பார்த்துவிட்டு, "ஒரு மிஷினுக்கு இத்தன நன்றி சொல்லியிருக்கீங்களேப்பா. இந்த வீட்டுல யாருக்காவது ஒண்ணு சொல்லியிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மேலாளர் அம்மாள் சனிக்கிழமை சாயங்காலம் வரை பார்ப்பாராம், அதற்குமேல் இல்லையாம். உன் போன் பீரோவில் இருக்கிறது. உன் மனைவி போனை எடுக்கவில்லை; துணிமணி எடுத்து வைத்துக்கொண்டிருப்பாள்.

வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். இன்று இரவு உன் கையில் இதைக் கொடுக்காமல் நகரக்கூடாது என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். உன் மனைவி செருப்புப் போடுவதற்கு முன்பே விஷயத்தைச் சொல்லிவிடு, பழியை என் மேல் போடு. சனிக்கிழமை வரை காத்திராதே. இந்தக் கடிதத்துக்குத் தயவுசெய்து 'பெறப்பட்டது' என்று பதில் எழுதி அனுப்பிவிடாதே. எழுதினால் நானும் நிம்மதியாக இருந்துவிடுவேன். வா.